லாக்கின் கால் எப்படி வந்தது? 'லாஸ்ட்' ரசிகர் கோட்பாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'லாஸ்ட்' அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2004 செப்டம்பர் 22 முதல் 2010 மே 23 வரை ஆறு சீசன் ஓடிய தொடர். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பிய ஓசியானிக் 815 விமானம் யாரும் அறியாத தீவில் விழுகிறது. அதில் வந்த ஜான் லாக் நான்கு வருஷமாக வீல்சேரில் இருந்தவர். விழுந்த நிமிஷமே எழுந்து நடக்கிறார். நெல்லை, பாளையங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் ஓடிடியில் இதைப் பார்த்து முடித்தவர்கள் எங்கே பேச ஆரம்பித்தாலும் லாக்கின் காலில்தான் வந்து நிற்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கடைசி எபிசோட் வரை கதை உடைபடும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

அண்ணாச்சி, லாக் நடக்க முடியாதவர்னு முதல்ல எங்க தெரியுது?

முதல் சீசன் நான்காம் எபிசோட், 'வாக்கபவுட்'. 2004 அக்டோபர் 13-ல் வந்தது. ஆஸ்திரேலியக் காட்டுக்குள் நடைபயணம் போக லாக் பணம் கட்டி வந்திருக்கிறார். 'உங்களைக் கூட்டிப்போக முடியாது' என்று பயண ஏற்பாட்டாளர் சொல்கிறார். லாக் கத்துகிறார். அப்போதுதான் கேமரா நகர்ந்து வீல்சேரைக் காட்டுகிறது.

அதே எபிசோடில் விமானம் விழுந்த காட்சியும் திரும்ப வருகிறது. மணலில் மல்லாந்து கிடக்கிறார், ஒரு காலில் ஷூ இல்லை, கால்விரல் அசைகிறது. அதை அவரே நம்ப முடியாமல் பார்க்கிறார். இந்த விரல் காட்சியைக் கவனித்து வையுங்கள். தண்டுவட அடிபட்டவரைச் சோதிக்கும்போது காலில் ஐந்து அசைவுகளுக்கு மதிப்பெண் போடுவார்கள்: இடுப்பை மடக்குவது, முழங்காலை நீட்டுவது, பாதத்தை மேலே தூக்குவது, பெருவிரலை மேலே தூக்குவது, பாதத்தைக் கீழே அழுத்துவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. விரலுக்குப் போகும் நரம்பு தண்டுவடத்தின் கடைசிப் பகுதியிலிருந்து வருகிறது. அது அசைகிறது என்றால் அடிபட்ட இடத்தைத் தாண்டி மூளையின் கட்டளை கீழே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மருத்துவம் தெரிந்தவர் யாரோ எழுதிய காட்சி மாதிரியே இருக்கிறது.

அவருக்கு அடி எப்படிப் பட்டது?

மூன்றாம் சீசன் 13-ம் எபிசோட், 'தி மேன் ஃப்ரம் டல்லஹாசி'. அவருடைய அப்பா ஆண்டனி கூப்பர் எட்டாம் மாடி ஜன்னல் வழியாக அவரைத் தள்ளிவிடுகிறார். மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்து, காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 75 கிலோமீட்டரைத் தாண்டும். பிழைத்ததே பெரிசு.

உயரத்திலிருந்து விழுகிறவர்களுக்கு அதிகமாக நொறுங்குவது நெஞ்சு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சேரும் இடம். பனையிலிருந்து விழுகிறவர்களுக்கும் பெரும்பாலும் அங்கேதான். லாக்குக்குக் கையில் முழு பலம் இருக்கிறது, முதுகை நிமிர்த்தி உட்காருகிறார், வீல்சேரைத் தானே ஓட்டுகிறார். எனவே அடி அந்த இடத்தில்தான் என்பது எங்கள் ஊகம்.

ஆளாளுக்கு ஒரு கோட்பாடு சொல்லுதாவ. எது சரின்னு எப்படிக் கண்டுபிடிக்க?

எழுந்து நடந்ததை விளக்க எந்தக் கோட்பாட்டாலும் முடியும். அது சுலபம். பிறகு நடந்தவற்றில்தான் பாதிக்கு மேல் கோட்பாடுகள் உதிர்ந்துவிடும். ஆறு கேள்விகளையும் வரிசையாகக் கேளுங்கள்:

1. விமானம் விழுந்த உடனே ஏன் சரியானது?
2. முதல் சீசன் 19-ம் எபிசோடில், மரத்தில் மாட்டிக்கிடக்கும் சின்ன விமானத்துப் பக்கம் போனபோது கால் ஏன் செத்துப்போனது, பிறகு ஏன் திரும்பி வந்தது?
3. மூன்றாம் சீசன் முடிவில், தீவில் ஏற்கெனவே வாழும் கூட்டத்தின் தலைவர் பென் சுட்டு, லாக் பிணக்குழியில் கிடக்கும்போது கால் ஏன் மறுபடி வேலை செய்யவில்லை?
4. ஐந்தாம் சீசனில் தீவை விட்டு வெளியே போன பிறகும் முடக்கம் ஏன் திரும்பவில்லை?
5. அதே தீவில் வருஷக்கணக்காக வாழும் பென்னுக்கு முதுகெலும்பில் கட்டி ஏன் வந்தது?
6. அதே விமானத்தில் வந்த ரோஸின் புற்றுநோய் ஏன் போனது?

நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் நல்ல கோட்பாடு. இரண்டாவதை விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் சொன்னாலும் நாங்கள் ஏற்க மாட்டோம். அதுதான் கதையின் முடிச்சு.

அவருக்கு நெசமாவே நரம்பு அடி இல்ல, எல்லாம் மனசுலதான்னு ஒரு கட்சி இருக்கே?

இந்தக் கட்சிக்குக் கொஞ்சம் பலம் உண்டு. டல்லஹாசி எபிசோடின் ஆரம்பத்தில் லாக் ஒரு அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். மனச்சோர்வுக்கான சிகிச்சைக்குப் போகாததால் உதவித்தொகை நிறுத்தப்படுகிறது. வீல்சேரில் இருக்கிறார் என்று நாம் நினைக்கும்போது எழுந்து நடந்து போகிறார். அதாவது மாடியிலிருந்து விழுவதற்கு முன்பே மனசு உடைந்திருந்தது. கிட்னியை ஏமாற்றி வாங்கிய அப்பாவே தள்ளிவிட்டால் மனசு காலைப் பூட்டிவைக்காதா என்பது இவர்கள் வாதம்.

மருத்துவத்தில் அப்படி ஒரு நிலை உண்டு. நரம்பில் அறுபடல் இருக்காது. ஆனால் கால் உண்மையிலேயே அசையாது. அது நடிப்பு இல்லை. கண்டுபிடிக்க மருத்துவர்கள் 'ஹூவர் சோதனை' செய்வார்கள். படுக்க வைத்து, நல்ல காலைத் தூக்கச் சொல்லி, அசையாத காலின் குதிகாலுக்கு அடியில் கையை வைப்பார்கள். நல்ல கால் எழும்போது அசையாத கால் தானாகக் கீழே அழுத்தினால் நரம்பு வழி சரியாக இருக்கிறது என்று தெரியும். ஆனால் ஒரு கால் மட்டும் பலவீனமாக இருக்கும்போதுதான் இது சரிவரும். லாக்குக்கு இரண்டு காலும் போய்விட்டன.

இந்தக் கோட்பாடு 1, 2, 3, 4 நாலுக்கும் ஓரளவு பதில் சொல்கிறது. பயம் வரும்போது கால் போகிறது, வேலை வந்தால் திரும்புகிறது. பிணக்குழியில் சிறுவன் வால்ட் தோன்றி 'எழுந்திரு, உனக்கு வேலை இருக்கிறது' என்றதும் எழுகிறாரே, அது இதற்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் ரோஸின் புற்றுநோய் முன்னால் இது மௌனம். மனசு காலைக் கட்டிப்போடலாம், கட்டியைக் கரைக்காது. எட்டு மாடி விழுந்து எலும்பும் நரம்பும் தப்பின என்பதும் நம்பும்படி இல்லை.

விழுந்த அதிர்ச்சியில வர்மம் இளகிட்டுன்னு எங்க ஊர்ல சொல்லுதாவ. அது எடுபடுமா?

நம்ம சீமையில் மட்டும் பிறக்கக்கூடிய கோட்பாடு இது. குமரியிலும் தென் நெல்லையிலும் வர்ம ஆசான்மார் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிறது. வர்மம், அதாவது அடிபட்டால் ஆளை முடக்கும் உயிர்நிலைப் புள்ளி, இது பற்றிக் கேள்விப்படாத குடும்பம் இங்கே குறைவு. வாதம் இப்படிப் போகிறது: மாடியிலிருந்து விழுந்ததில் முதுகில் ஒரு வர்மம் கொண்டது, விமானம் விழுந்ததில் அதே இடத்தில் எதிர்வாக்கில் அடி விழுந்து இளகிவிட்டது.

வர்ம முறைக்கு உள்ளேயே இது நிற்காது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்கு. கொண்ட வர்மத்தை இளக்க நாழிகைக் கெடு சொல்வார்கள். கெடு தாண்டினால் ஆசான் கையை எடுத்துவிடுவார். லாக்குக்கு நாலு வருஷம் ஆகிவிட்டது. அடங்கலை (வர்மத்தை இளக்கும் புள்ளியை) தட்டி இளக்குவதற்கும் ஒரு மாத்திரை, அதாவது அழுத்தத்தின் அளவு, ஒரு கைப்பக்குவம் வேண்டும். வானத்திலிருந்து விழுவது எந்த மாத்திரையில் சேரும்?

ஆங்கில மருத்துவக் கணக்கிலும் அதே முடிவுதான். நகர்ந்த எலும்பு திரும்ப இடத்தில் உட்காரலாம். ஆனால் எலும்பு உட்கார்ந்தால் அறுந்த தண்டுவடம் ஒட்டாது. ஏற்கெனவே பழுதான முதுகில் இன்னொரு அடி விழுந்தால் மிச்சமிருக்கும் நரம்பும் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஆறு கேள்வியில் ஒன்றுக்கு மட்டும் பதில், அதுவும் அரைகுறை.

108 வர்மம், 108 நிமிஷம்... இது தற்செயலா?

தற்செயல்தான். தொடரில் வரும் 4, 8, 15, 16, 23, 42 ஆறு எண்ணையும் கூட்டினால் 108. தீவில் நிலத்துக்கு அடியில் இருக்கும் பதுங்கு நிலையத்தில் 108 நிமிஷத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்த வேண்டும். நம்ம ஊரில் ஆம்புலன்ஸும் 108, திவ்யதேசமும் 108. இதை வைத்து வீடு கட்ட ஆரம்பித்தால் மாடிக்கு மேல் மாடி போய்க்கொண்டே இருக்கும்.

மின்காந்த சக்திதான் குணப்படுத்திச்சுங்காங்களே?

ரசிகர்களில் பெரும்பாலோர் நம்புவது இதைத்தான். ஆதாரமும் வலுவானது. இரண்டாம் சீசன் கடைசி எபிசோடில் தெரிகிறது: 2004 செப்டம்பர் 22 அன்று பதுங்கு நிலையத்தில் இருந்த டெஸ்மண்ட் பொத்தானை நேரத்துக்கு அழுத்தவில்லை, நிலையத்தின் அடியில் தேங்கியிருந்த மின்காந்த சக்தி பீறிட்டது, அதில்தான் விமானமே உடைந்து விழுந்தது. அதாவது லாக் தரையில் விழுந்த நேரமும் சக்தி வெளிப்பட்ட நேரமும் ஒன்று. முதல் கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் வேறு யாரிடமும் இல்லை.

இரண்டாம் சீசன் 19-ம் எபிசோடில் இன்னொரு ஆதாரம். பெர்னார்ட் தன் மனைவி ரோஸை ஆஸ்திரேலியாவின் உலூருவில் ஒரு குணப்படுத்துபவரிடம் கூட்டிப்போகிறார். பூமியில் சில இடங்களில் பெரிய சக்தி இருக்கிறது, அது நிலவியலாக, காந்தமாக இருக்கலாம் என்று அவர் சொல்கிறார். உனக்கான இடம் இது இல்லை, பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றும் சொல்கிறார். தீவில் ரோஸுக்குக் குணமாகிவிட்டது. லாக்கை விமான நிலையத்தில் வீல்சேரில் பார்த்தவரும் ரோஸ்தான், அதனால் அவருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது.

சறுக்கும் இடம் இரண்டு. அதே இரண்டாம் சீசன் முடிவில் அந்த நிலையம் உள்ளே வெடித்து அமிழ்ந்துபோகிறது. அந்தச் சக்திதான் லாக்கின் காலைத் தாங்கியது என்றால் அன்றோடு கால் போயிருக்க வேண்டும். மூன்றாம் சீசன் ஆரம்பத்தில் அவருக்குப் பேச்சுதான் சில நேரம் வரவில்லை, கால் நன்றாகவே இருந்தது. தீவில் வேறு இடங்களிலும் சக்திக்குழிகள் உண்டு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பென்? அதே சக்திக்கு நடுவில் வாழ்ந்தவருக்கு முதுகெலும்பில் கட்டி. தீவில் கருத்தரித்த பெண்கள் சாகிறார்கள். காந்தத்துக்கு ஆள் பார்த்துக் கொடுக்கத் தெரியுமா?

நிஜ உலகில் மின்சாரத்தால் கால் அசைந்ததுண்டு. 2018-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள், தண்டுவடத்தின் மேல் மின்முனைகளைப் பதித்துச் சரியான நேரத்தில் துடிப்புக் கொடுத்து, முடங்கியவர்களை நடக்க வைத்தார்கள். ஆனால் அது மாதக்கணக்கான பயிற்சியோடு, தாங்கிப்பிடிக்கும் கருவியோடு. மணலில் விழுந்து எழுந்து ஓடவில்லை.

ஜேக்கப் தொட்டதால சரியாச்சுன்னு சொல்லலாமே?

ஐந்தாம் சீசன் கடைசி எபிசோடில், லாக் மாடியிலிருந்து விழுந்து கிடக்கும் இடத்துக்குத் தீவின் காவலன் ஜேக்கப் வருகிறார், தோளைத் தொடுகிறார், லாக் கண் திறக்கிறார். அந்தத் தொடுகை உயிரைக் கொடுத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். காலைக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நாலு வருஷம் வீல்சேர். இந்தக் கோட்பாட்டை இங்கேயே விடலாம்.

கறுப்புப் புகைதான் லாக்கை ஏமாத்த காலைக் கொடுத்திச்சோ?

ஆறாம் சீசன் பார்த்தவர்களுக்கு இது பிடிக்கும். கறுப்புப் புகையாக உலவுபவன் கடைசியில் லாக்கின் உருவத்தையே எடுத்துக்கொள்கிறான். இறந்தவர்களின் உருவத்தில் வந்து ஆட்களைத் தன் வழிக்குத் திருப்புவது அவன் வேலை. முதல் சீசன் நான்காம் எபிசோடிலேயே லாக் அந்தப் புகையை நேருக்கு நேர் பார்த்துத் தப்பிவிடுகிறார், அடுத்த எபிசோடில் தான் பார்த்தது அழகு என்கிறார். வருங்காலத்தில் பயன்படும் ஆளுக்கு முன்கூட்டியே காலைக் கொடுத்துக் கையில் போட்டுக்கொண்டான் என்று வாதிடலாம்.

தடை ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரியது. புகை ஆளைக் கொல்வதைப் பார்க்கிறோம், மனசைப் படிப்பதைப் பார்க்கிறோம். யாருக்கும் உடம்பைச் சரியாக்கியதைப் பார்க்கவில்லை. குணமாக்கும் வித்தை அவனிடம் இருப்பதாகத் தொடர் எங்கேயும் காட்டவில்லை. காலைக் கொடுத்தது வேறு சக்தி, கனவைக் கொடுத்தது புகை என்று பிரித்துக்கொண்டால் இந்தக் கோட்பாட்டை வைத்துக்கொள்ளலாம்.

அப்ப தீவுதான் சாமியா? காவு கேக்குதா?

எங்களுக்கு ஒத்துவருவது இதுதான், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம்.

'டியஸ் எக்ஸ் மக்கினா', முதல் சீசன் 19-ம் எபிசோட், 2005 மார்ச் 30. பதுங்கு நிலையத்தின் மூடியை உடைக்க லாக்கும், விமானத்தில் கூட வந்த இளைஞன் பூனும் எறிபொறி செய்கிறார்கள். அது சிதறி ஒரு துண்டு லாக்கின் காலில் குத்தி நிற்கிறது. அவருக்கு வலிக்கவே இல்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். உணர்ச்சி முதலில் போகிறது, பலம் பிறகு போகிறது. அன்று இரவு ஒரு கனவு: ஒரு சின்ன விமானம் விழுகிறது, பூன் ரத்தத்தோடு நிற்கிறான், லாக் மறுபடி வீல்சேரில். கனவு காட்டிய இடத்தில் மரத்தின் மேல் விமானம் உண்மையிலேயே மாட்டிக்கிடக்கிறது. லாக்கால் ஏற முடியாது. காலே நிற்கவில்லை. பூன் ஏறுகிறான். விமானம் அவனோடு விழுகிறது. உடனே லாக் எழுந்து, நடந்து, பூனைத் தூக்கிச் சுமந்து முகாமுக்கு வருகிறார். அடுத்த எபிசோடில் பூன் சாகிறான்.

வரிசையைப் பாருங்கள். ஏற வேண்டிய ஆளின் கால் ஏறும் நேரத்துக்குச் சரியாகப் போகிறது, காவு விழுந்ததும் திரும்பி வருகிறது. சீசன் முடிவில் லாக்கே பூன் தீவு கேட்ட பலி என்கிறார். மின்காந்தத்துக்கு இந்த நேரக்கணக்கு தெரியாது, மனநோய்க்கும் தெரியாது.

சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே பட்டவராயன் சன்னதியில் செருப்பைக் காணிக்கையாக மாட்டுவார்கள், அடுத்த முறை போகும்போது அது தேய்ந்திருக்கும், பட்டவராயன் போட்டு நடக்கிறார் என்பது நம்பிக்கை. கை, கால், கண் என்று உறுப்பு உரு வாங்கிப் போடுவது நம்ம கோயில்களில் எல்லா இடத்திலும் உண்டு. கொடுத்தால் திரும்பக் கேட்கும், நேர்த்தியை மறந்தால் எடுத்துக்கொள்ளும் என்கிற கணக்கு நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. ஆகவே பென்னுக்கு ஏன் கட்டி வந்தது என்ற ஐந்தாவது கேள்விக்கும் இங்கே பதில் கிடைக்கிறது: அவரைத் தீவு கைவிட்டுவிட்டது. அவர் ஆட்களே அப்படித்தான் சந்தேகப்படுகிறார்கள். மூன்றாவது கேள்வியும் இதில் அடங்கும். குழியில் கிடந்தவரை வேலைக்காக எழுப்பியது வேலை கொடுத்தவர்தான்.

ஒரு குறை உண்டு. 'தீவின் விருப்பம்' என்று சொல்லிவிட்டால் எதையும் விளக்கிவிடலாம், எதையும் தோற்கடிக்க முடியாது. அதனால்தான் இதை முதல் இடத்தில் வைத்தும் முழு மதிப்பெண் கொடுக்கவில்லை.

தீவை விட்டு வந்தா திரும்ப முடங்கிரும்னு ரோஸ் பயப்படுதாளே?

ரோஸ் பயப்படுவது தன் புற்றுநோய்க்காக. லாக்கின் விஷயத்தில் தொடரே பதில் சொல்லிவிட்டது. ஐந்தாம் சீசனில் தீவில் கிணற்றுக்குள் விழுந்து கால் எலும்பு சதையைக் கிழித்து வெளியே வருகிறது. அதோடு, ஆளைத் தீவுக்கு வெளியே தள்ளும் சக்கரத்தைத் திருப்பித் துனிசியா பாலைவனத்தில் போய் விழுகிறார். ஏழாம் எபிசோடில் மாவுக்கட்டோடு அவரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துப் பலர் 'திரும்ப முடங்கிவிட்டார்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தவறு. அது எலும்பு முறிவு. கால் வலிக்கிறது. வலி தெரிகிறது என்றால் நரம்பு வேலை செய்கிறது. ஊன்றுகோலோடு நிற்கவும் செய்கிறார். தீவுக்குள் மட்டும்தான் குணம் என்கிற கோட்பாடு அங்கே செத்துவிட்டது.

எல்லாரும் முதல்லயே செத்துட்டாங்க, அதான் கால் வந்துட்டுன்னு...

இல்லை. கடைசி எபிசோடில், விமானத்தில் வந்த டாக்டர் ஜாக்கின் அப்பா தெளிவாகச் சொல்கிறார், தீவில் நடந்தது எல்லாம் நிஜம். இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் நேரம் வேண்டாம்.

நாலு வருஷம் கிடந்த கால் நெசத்துல அப்படி எந்திச்சு ஓடுமா?

ஓடாது. எந்தச் சக்தி நரம்பைச் சரியாக்கினாலும், மிச்ச உடம்பையும் அது சேர்த்துச் சரியாக்க வேண்டியிருக்கும். ரசிகர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

தொடைச்சதை வற்றியிருக்கும். பாரம் தாங்காத கால் எலும்பு முதல் இரண்டு மூன்று வருஷத்திலேயே நன்றாக இளைத்துவிடும், சின்னத் திருப்பலில் முறியும். கணுக்கால் கீழ்நோக்கி இறுகிப்போய்க் குதிகால் தரையில் பதியாது. படுத்தே கிடந்தவரைச் சட்டென்று நிறுத்தினால் ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கி மயங்கிவிடுவார். அதனால் சாய்மேஜையில் கட்டி 30 டிகிரியில் ஆரம்பிப்பார்கள். ரத்த அழுத்தம் பார்த்துப் பார்த்து 60, 70, 80 என்று நாள்கணக்கில் ஏற்றுவார்கள். பிறகு இரண்டு கம்பிக்கு நடுவே காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிக்கட்டு) போட்டு நிற்பது, பிறகு வாக்கர், பிறகு முழங்கை ஊன்றுகோல்.

சிறுநீர்ப்பை வேறு. அதன் நரம்பு காலுக்குப் போவதற்கும் கீழே இருந்து கிளம்புகிறது. பெரும்பாலானோருக்கு நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு எடுக்க வேண்டும். தீவில் லாக்குக்கு அந்தக் கவலையே இல்லை. எனவே தீவு வேலை செய்தது கால் அளவில் நிற்கவில்லை.

முழுமையான முடக்கத்தில், ஒரு வருஷம் தாண்டிய பிறகு பெரிய மாற்றம் வருவது அபூர்வம். பாதி அறுபட்டவர்களுக்கு வாய்ப்பு அதிகம், அதிலும் முதல் ஆறு மாதம் முக்கியம். இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று அறிய அமெரிக்கா போக வேண்டாம். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. நிறுவனர் எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் சங்கத்தை ஆரம்பித்தார், 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவருக்குக் கால் திரும்பவில்லை, ஆனால் வீல்சேரிலிருந்தே ஊரை நடத்துகிற அளவுக்கு வேலை செய்தார்.

இதப் பாத்துட்டு, எங்க வீட்டுல கிடக்கிறவரும் எந்திச்சிருவாருன்னு ஆத்தா நம்புதாவ. என்ன சொல்ல?

நம்பட்டும், பயிற்சியை நிறுத்தாமல் நம்பட்டும். படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். வீல்சேரில் இருப்பவர் கால்மணியிலிருந்து அரைமணிக்குள் ஒருமுறை கையை ஊன்றி உட்காரும் இடத்தைத் தூக்கிவிட வேண்டும். தினமும் ராத்திரி வால் எலும்பு, பிட்டம், குதிகால் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்து, அழுத்திவிட்டும் நிறம் வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம். அந்த இடத்தில் பாரம் படவே கூடாது, தேய்க்கவும் கூடாது. உணர்ச்சி இல்லாத காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் சூடான எண்ணெயும் வேண்டாம். வெந்து கொப்பளித்த பிறகுதான் தெரியும்.

யாராவது பனையிலிருந்தோ கிணற்றிலோ விழுந்தால், துண்டில் தொட்டில் கட்டித் தூக்குவதும் ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதும்தான் பெரிய கேடு. பாதி நரம்பு மிஞ்சியவருக்கு முழுவதும் போவது அங்கேதான். 108-ஐ அழையுங்கள். அசைத்தே ஆக வேண்டும் என்றால் நாலு பேர் வேண்டும்: ஒருவர் தலையையும் கழுத்தையும் ஒரே கோட்டில் பிடிக்க, மூன்று பேர் தோள், இடுப்பு, காலைப் பிடித்து, தலைமாட்டில் இருப்பவர் சொல்லும்போது ஒரே நேரத்தில் கட்டைபோல் புரட்டிப் பலகையில் வைக்க வேண்டும். பிறகு ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு, அதாவது பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு.

நானே ஒரு கோட்பாடு எழுதப் போறேன். முழுசும் திரும்பப் பாக்கணுமா?

வேண்டாம். முதல் சீசன் 4, 19. இரண்டாம் சீசன் 19, அதன் இறுதி. மூன்றாம் சீசன் 13, 20, அதன் இறுதி. ஐந்தாம் சீசன் 7, அதன் இறுதி. இறுதி எபிசோடுகள் இரட்டை நீளம். விளம்பரம் இல்லாமல் எல்லாம் சேர்த்து எட்டரை மணி நேரம் வரும். நோட்டில் மேலே சொன்ன ஆறு கேள்வியையும் வரிசையாக எழுதி, ஒவ்வொரு எபிசோடிலும் காலின் நிலையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: உணர்ச்சி இருக்கிறதா, பலம் இருக்கிறதா, பக்கத்தில் யார், சற்று முன் என்ன நடந்தது. பாத்திரங்கள் சொல்வதைத் தனி வரியில் எழுதுங்கள், கண்ணால் கண்டதைத் தனி வரியில். இரண்டையும் கலந்தவர்களின் கோட்பாடுதான் பாதியில் கவிழ்கிறது. லாக்கும் பென்னும் தொடரில் நிறையப் பொய் சொல்கிறார்கள், தங்களுக்கே கூட.

கடைசி எபிசோட்ல கோயில் வாசல்ல வீல்சேர விட்டு எந்திக்காரே, அத எதுல சேக்க?

எதிலும் சேர்க்க வேண்டாம். ஆறாம் சீசனின் பக்கவாட்டு உலகத்தில் லாக் முடங்கியதே வேறு காரணத்தால்: அவர் ஓட்டிய சின்ன விமானம் விழுந்ததில், அப்பாவும் கூட இருந்தார். அங்கே ஜாக் அறுவை சிகிச்சை செய்கிறார், கால்விரல் அசைகிறது. தேவாலயத்துக்கு வெளியே, இனி அந்த நாற்காலி தேவைப்படாது என்கிற மாதிரி பென் சொன்ன பிறகு எழுந்து உள்ளே போகிறார். அது இறந்தவர்கள் கூடும் இடம். அந்த வரியை நோட்டில் அடித்துவிடுங்கள், மிச்சம் உள்ளதை வைத்து வாதாடுங்கள்.